தெக்லா பங்கு போட்ட மாத்திரைகள்

தெக்லா கஹாரேயைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் குரலில் தொடங்குவதுதான் நியாயம். எங்கள் மலை ஊரான ஒனமுகாவின் சந்தையில் அவள் வேர்க்கடலை விற்கிறாள், பக்கத்தில் நான் இஞ்சி விற்கிறேன். பதினாறு வருஷமாக என் இடது காதுக்கு ஓய்வு கிடையாது. செடியோடு பிடுங்கிக் கட்டிய கடலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அவள் ஒரு சத்தம் போட்டால், பேருந்துக்குள் தூங்குகிறவன் எழுந்து வந்து வாங்கிப் போவான். அதே சத்தத்தில்தான், "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு! இருபத்தொரு வருஷமா மாத்திரை முழுங்கறேன்! பாரு, உன்னைவிடக் குண்டா இருக்கேன்!" என்பதையும் சொல்வாள். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் எனக்கு இஞ்சிக் குவியலுக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருக்கும். இப்போது பழகிவிட்டது.

அவள் புருஷன் லேய் துறைமுகத்திலிருந்து எங்கள் மலைக்குச் சரக்கு ஏற்றிவந்த லாரிக்காரன். அவன் இளைத்து இளைத்துச் செத்தபோது அவன் கூடப்பிறந்தவர்கள் பழியைத் தூக்கி இவள் தலையில் போட்டார்கள். உடுத்திய துணியோடு துரத்திவிட்டார்கள். நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்க ஒரு நாதி இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெக்லாவுக்கு வருவதில்லை. "செத்தவனைத் திட்டி என்னடி ஆகப்போவுது? ஆனா அவன் நல்லாப் பாடுவான்" என்பாள்.

பிறந்த வீட்டுக்கு வந்தவள் முப்பத்துமூன்று கிலோவுக்கு இறங்கினாள். ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்தால், அவளுடைய சித்திமார் நான்கு பேர் முகத்தில் துக்கக் களிமண் பூசிக்கொண்டு சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள். வெளியே சாவு விருந்துக்கென்று ஒரு பன்றியைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

"யாரு சித்தி செத்தது?" என்றாளாம்.

"நீதான்டி கண்ணு."

"நான் இன்னும் சாகலையே."

"தெரியும்டி. ஆனா அடுத்த பஸ்ஸு செவ்வாக்கிழமைதான். அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா நாங்க எப்படி வர்றது?"

அழ வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது, பன்றியையும் அவிழ்த்துவிட முடியாது. கல்லைச் சுட்டுக் குழியில் போட்டு, கிழங்கும் கீரையும் இறைச்சியுமாக வேகவைத்தார்கள். தன் சாவு விருந்தில் தெக்லாவும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றாள். உப்புக் குறைவு என்று குறையும் சொன்னாளாம். அந்த மாதக் கடைசியில்தான் எங்கள் ஊர் மிஷன் மருத்துவமனைக்கு முதன்முதலாக அந்த மாத்திரைகள் வந்தன. இரண்டு தம்பிகள் அவளைக் கம்பில் கட்டிய போர்வையில் போட்டுத் தூக்கிப் போனார்கள். ஆறு மாதம் கழித்து அவளே நடந்து வந்தாள்.

அப்போதெல்லாம் இந்த மாத்திரை வாங்குகிறவர்களுக்கு மட்டும் மருத்துவமனையின் பின்பக்கம், கழிப்பறைக் குழியை ஒட்டித் தனி வாசல். தெக்லா அந்தப் பக்கமே போகவில்லை. கடலை மூட்டையோடு முன்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். "நான் காய்ச்சக்காரியோட சேர்ந்து வரிசையில நிக்கறேன். யாருக்குக் கஷ்டமோ அவங்க பின்வாசல்ல வரட்டும்." நர்ஸ் பெலிண்டா மூன்று வாரம் மல்லுக்கு நின்றாள். நான்காவது வாரம் பின்வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். இன்று பெலிண்டா அந்தக் கதையைச் சொன்னால், வாசலை மூடச்சொன்னதே தான்தான் என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என்னைத் தெக்லா பிடித்த விதம் வேறு. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு மூன்று நாள் சந்தைக்கு வந்து போனேன். நான்காம் நாள் அவள் பாட்டுக்கு என் கூடையில் கைவிட்டு ஒரு இஞ்சியை எடுத்து முகர்ந்துகொண்டே, "நீயும் வியாழக்கிழமை ஆளுதானே?" என்றாள்.

"எந்த வியாழக்கிழமை?"

"தரையைப் பார்த்தே நடக்கறே. நானும் அப்படித்தான் நடந்தேன். தரையில ஒண்ணும் கிடைக்காது யூனிசு, வா."

வியாழக்கிழமை என்பது நாங்கள் ஏழு பேர். மருத்துவமனைக்குக் கீழே சவுக்கு மரங்களின் நிழலில் உட்காருவோம். மாத்திரை வாங்கி வருவோம், யாருக்கு வயிற்றைப் புரட்டுகிறது, யார் மாமியார் என்ன பேசினாள் என்று பேசுவோம், கிழங்கு தின்போம். எங்கள் பக்கத்தில், அருகே இருப்பவர் கை வெறுங்கையாக இருக்கும்போது யாரும் வாயில் எதையும் போட மாட்டோம். ஒரே கிழங்கு இருந்தால் அதை ஏழாகப் பிட்டுத்தான் தின்போம். பாதிப் பாக்கு என்றாலும் கடித்துக் கொடுப்போம். தனியாகத் தின்கிறவனை நாங்கள் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை. கணவாய்க்குக் கீழே சாலை அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஏழு வாரம் ஒரு லாரியும் ஏறவில்லை. அரிசி தீர்ந்தது, டின் மீன் தீர்ந்தது. அதெல்லாம் இல்லாமல் எங்களால் இருக்க முடியும், தோட்டத்தில் கிழங்கு கிடக்கிறது. ஆனால் மருத்துவமனை அலமாரியில் எங்கள் மாத்திரையும் பத்தாம் நாள் தீர்ந்தது. கடைசிப் பெட்டியைத் திறந்த பிறகுதான் அடுத்த பெட்டிக்குச் சொல்லி அனுப்புவது அங்கே வழக்கம்.

அந்த வியாழக்கிழமை தெக்லாவிடம் முழு டப்பா இருந்தது, அலமாரி காலியாகும் முன் கடைசி டப்பாவை வாங்கியவள் அவள்தான். இரண்டு பேரிடம் முக்கால் டப்பா. காவல்காரர் கீனோவிடம் ஒன்பது மாத்திரை. என்னிடம் ஒன்றுமில்லை. தெக்லா ஒரு துணியை விரித்து அதன் மேல் சட்டி மூடியை வைத்தாள். தன் டப்பாவை முதலில் அதில் கவிழ்த்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் கவிழ்த்தார்கள். நூற்றுச் சொச்சம் இருந்தது.

"ரெண்டு நாளைக்கு ஒண்ணு" என்றாள் தெக்லா.

"பாதிப் பாதியா உடைச்சா தினமும் வருமே?" என்றார் கீனோ.

"உடைச்சாத் தூளாயிடும் மாமா. உங்க பல்லு மாதிரி."

சிரித்துக்கொண்டே பிரித்துக்கொண்டோம். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு எங்களுக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுத்தது. தெக்லா தினமும் காலையில் மழையில் நனைந்தபடி வந்து ஒரு மாத்திரையை என் வாயில் போடுவாள். "என்னுதை நான் போட்டாச்சு. இது உனக்குன்னு எல்லாரும் ஒதுக்கினது." நம்பினேன். சாலை திறந்த அன்று நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். பெட்டி வந்த சந்தோஷத்தில் ஒரு குட்டிப் பன்றியைக் குழியில் போட்டோம். பெலிண்டாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. கிழங்கைப் பங்கு போட்டுத் தின்றதை யாராவது நர்ஸிடம் போய்ச் சொல்வார்களா?

எட்டு மாதம் கழித்து டாக்டர் கிலா வந்தார். கடற்கரைக்காரி. எங்கள் குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தேங்காய்ப்பால் இல்லாத கிழங்கை மருந்து மாதிரி முழுங்குவார். ரத்தத்தில் கிருமி எத்தனை என்று எண்ணுகிற இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மருந்து ஏன் சிலருக்கு வேலை செய்யாமல் போகிறது என்று ஆராய்ச்சி. அந்த இயந்திரம் எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று ஐந்து வருஷம் நச்சரித்தவளே தெக்லாதான். அதனால் முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.

ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு படிவம். சென்ற ஆண்டில் எத்தனை முறை மாத்திரை சாப்பிட மறந்தீர்கள்? ஏழு பேரும் "ஒருமுறைகூட இல்லை" என்றோம். கீனோவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மறக்கறதா? பெத்த பிள்ளை பேரை மறப்பேன், இதை மறப்பேனா?"

முடிவு வந்தது. என் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவு. கீனோவுக்கும் அப்படியே. தெக்லாவுக்கு எண்பதாயிரத்துக்கு மேல். பழைய மருந்து அவள் உடம்பில் இனி வேலை செய்யாது, கிருமி அதற்குப் பழகிவிட்டது என்றார் டாக்டர். வேறு மருந்து ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அதை உடனே ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்வாள்.

"உடனே முடியாது டாக்டர்" என்றான் பாசில். மருத்துவமனை நிர்வாகி. எங்கள் பக்கத்துக் குலத்துப் பையன்தான், தலைநகரில் படித்துவிட்டுச் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு திரும்பியவன். "புது மருந்து கொஞ்சம்தான் வந்திருக்கு. மாத்திரையை ஒழுங்கா முழுங்காதவங்க முதல்ல ஆறு மாசம் வகுப்புக்கு வரணும். அப்புறம்தான் தருவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மூன்று பேனாவையும் பிடுங்கி எறிந்திருப்பேன். பதின்மூன்று வருஷம் ஒரு நாள் தப்பாமல் முழுங்கியவள், ஊருக்கே வகுப்பு எடுக்கிறவள், அவளுக்கு வகுப்பா? கத்தித் தீர்த்தேன். தெக்லா வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் சந்தையில் கடலையை முன்னால் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். என் இடது காதுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வைப் போல நான் எதற்கும் பயந்ததில்லை. கன்னம் ஒட்ட ஆரம்பித்திருந்தது. ஆறு மாதம் தாங்குவாளா என்று அவள் முதுகைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குப் போகும் முன் டாக்டர் கிலா மிஷன் சர்ச்சுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார். பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் வந்திருந்தார்கள், நூறு பேர் இருக்கும். மருந்து தோற்றுப்போனதற்கு மறதியும் அக்கறைக் குறைவும்தான் காரணமாகத் தெரிகிறது என்று தன் காகிதத்திலிருந்து படித்தார். தெக்லா எழுந்தாள்.

"டாக்டரம்மா, அதை அடிச்சிடுங்க. நான் மறக்கலை. பங்கு போட்டேன்."

"எதைப் பங்கு போட்டீங்க?"

"மாத்திரையை. ரோடு உடைஞ்சப்ப. நான்தான் ஆரம்பிச்சேன், இவங்க மேல தப்பில்லை. ரெண்டு நாளைக்கு ஒண்ணுன்னு பிரிச்சோம். யூனிசுக்குக் காய்ச்சல் வந்ததும் என் பங்கை அவளுக்குக் கொடுத்துட்டேன். நான் வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ போட்டிருப்பேன்."

எனக்கு அங்கேதான் தெரிந்தது. எட்டு மாதமாக என் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது அவள் மாத்திரை. "எல்லாரும் ஒதுக்கினது" என்று வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள். எழுந்துபோய் அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் கிலா காகிதத்தை மடித்தார். "ஏன் தெக்லா, இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்க மறந்தியான்னு கேட்டீங்க. பங்கு போட்டியான்னு கேக்கலையே. அதுக்குள்ள எண்பதாயிரம்னு சொன்னீங்க. இந்த ஆறு பேரையும் நான்தான் கெடுத்தேனோன்னு நெனைச்சேன். வாய் வரலை."

 டாக்டர் கூட்டத்தைப் பார்த்து, "இங்க வேற யாரு பங்கு போட்டீங்க? திட்ட மாட்டேன்" என்றார். முதலில் கீனோவின் கை. அப்புறம் பின்னால் ஒன்று. அப்புறம் இங்கொன்று அங்கொன்றாக எழுந்து, பாதிக் கூடம் கையைத் தூக்கியிருந்தது. அண்ணனுக்குக் கொடுத்தவன், மைத்துனிக்குக் கொடுத்தவள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் கொடுத்தவர் கூட இருந்தார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க கடற்கரையிலயும் இதையேதான் பண்ணியிருப்பாங்க. நான் கேக்கவே இல்லை" என்றார். அவரைப் பற்றி நான் பேசிய கேலியையெல்லாம் அன்றே விட்டுவிட்டேன், தேங்காய்ப்பால் தவிர. ஆராய்ச்சி மறுபடி முதலிலிருந்து நடந்தது. புதுப் படிவத்தோடு பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய்க் கேட்டவள் தெக்லாதான். டாக்டரிடம் பாதி சொல்கிறவர்கள் இவளிடம் முழுதாகச் சொன்னார்கள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு நடந்தது. அன்றைக்குப் பாசில் என்ன செய்தான் தெரியுமா? ஒரு காகிதத்தை எடுத்து வந்தான். "சரி, வகுப்பு வேண்டாம். இனிமே மாத்திரையைப் பங்கு போட மாட்டேன்னு கையெழுத்துப் போடுங்கக்கா. இன்னைக்கே புது மருந்து."

"போட மாட்டேன்" என்றாள் தெக்லா.

"ஐயோ, போட்டுத் தொலையேன்டி!" என்றேன் நான்.

"நாளைக்கு ரோடு மறுபடி உடையும். நீ வெறுங்கையோட வந்து நிப்பே. நான் கொடுப்பேன். அப்ப அந்தப் பேப்பர் பொய்யாயிடும். எதுக்குப் பொய்க்குக் கையெழுத்து?"

பெலிண்டா கெஞ்சினாள். டாக்டர் கெஞ்சினார். அவள் கடலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவு நான் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் காலை அவள் மருத்துவமனை முற்றத்துக்கு வந்தபோது தோளில் ஒரு முழுக் கரும்பு இருந்தது. வேடிக்கை பார்க்கச் சந்தையே பின்னால் வந்திருந்தது. எங்கள் மலையில் இரண்டு குலங்கள் சண்டையை முடிக்கும்போது ஒரே கரும்பை ஒடித்து இரண்டு தரப்பும் கடிக்கும். கடித்த பிறகு சொல் தவறினவன் வயிற்றில் அந்தச் சாறு விஷமாகும் என்பார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மீறினவர்கள் நிறையப் பேர். கரும்பு கடித்து மீறினவனை நான் பார்த்ததில்லை.

தெக்லா முழங்காலில் வைத்து அதை இரண்டாக ஒடித்தாள். "பாசிலு, நான் இனிமே பங்கு போட மாட்டேன்னு கடிக்கறேன். மூணு மாச மருந்து எப்பவும் இந்த அலமாரியில கையிருப்பு இருக்கும்னு நீ கடி."

"அக்கா, அது என் கையில இல்லை. மேல எழுதிக் கேட்டு..."

"என் உயிரு மட்டும் உன் பேப்பர்ல இருக்கா?"

"அப்படி இல்லக்கா..."

"பேப்பர்னா நீட்டத் தெரியுது. கரும்புன்னா கையை இழுக்கறே. அப்ப நீயும் எங்க ஆளுதான்டா."

கூட்டம் சிரித்தது. பாசில் சிரிக்கவில்லை. அவன் கரும்பையே பார்த்துக்கொண்டு நின்றான். எதற்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பான், ஆனால் கடிப்பதென்றால் பொய் கலக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் எனக்கு அவனைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. கடைசியில் பெலிண்டாவிடம், "மூணு மாசத்துக்கு எத்தனை பெட்டி வேணும்?" என்று கேட்டான். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஒரு மணி நேரம் அவன் குரல் ஏறுவதும் இறங்குவதுமாகக் கேட்டது, கெஞ்சினான், சண்டை போட்டான், யாரோ ஒருவரின் அம்மாவை நலம் விசாரித்தான். நாங்கள் வெயிலில் நின்றோம். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"மாசா மாசம் கொஞ்சம் கூடுதலா வரும். ஆறு மாசத்துல நிறைஞ்சிடும். நிறைஞ்சப்புறம் குறைய விட மாட்டேன்" என்றான். கரும்பை வாங்கிக் கடித்தான். தெக்லாவும் கடித்தாள். இரண்டு பேரும் சக்கையைத் தரையில் துப்பினார்கள்.

பெலிண்டா புது டப்பாவைக் கொடுத்தாள். தெக்லா மூடியைத் திருகி ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினாள். அவள் கை நேராக என் பக்கம் நீண்டது. பாவி, பழக்கம்! ஓங்கி ஒன்று வைத்தேன், மணிக்கட்டில்.

"முழுங்குடி!"

முழுங்கினாள். ஆறு மாதத்தில் அவள் எண்ணிக்கையும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியது. கன்னம் நிறைந்தது. குரல் திரும்பி வந்தது, என் காது போயிற்று.

இந்த வருஷம் பிப்ரவரி மாதத்து மழையில் சாலை அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தது. பாசில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சவுக்கு மரத்தடிக்கே டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுத்தான், ஏழு பேருக்கும் ஏழு. யார் கையும் வெறுங்கையாக இல்லை. இருந்தும் அவரவர் மாத்திரையை அவரவர் வாயில் போட்டுக்கொள்ள எங்களுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. கீனோ தண்ணீர்க் குவளையோடு தயங்கி நின்றார்.

"என்ன மாமா, எல்லாரும் பாக்கறாங்கன்னு வெக்கமா?" என்றாள் தெக்லா. "திரும்பி உக்காந்துக்கிட்டு முழுங்குங்க. நானும் இத்தனை வருஷமா அப்படித்தான் முழுங்கறேன்."